எதிர்வீட்டுக் கண்

"வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வர்றேன். கையோட ஒரு நல்ல சேதியும் கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டு சுஹேர் போனை வைத்ததிலிருந்து ஷாஹிந்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு வரும் நாத்தனாரைச் சமாளித்துவிடலாம். நல்ல சேதியோடு வருகிற நாத்தனாரை எந்த ஊரிலும் யாராலும் சமாளிக்க முடிந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

அலெக்சாந்திரியாவின் கோடைக் காற்று சமையலறை ஜன்னல் வழியாக உப்பும் பெட்ரோலும் கலந்து வந்தது. கெய்ரோக்காரர்கள் கடற்கரையை மொத்தமாகக் குத்தகை எடுத்துக்கொண்ட மாதம். ஷாஹிந்தா மடவை மீனை முதுகுப்பக்கம் பிளந்து, தக்காளியும் பூண்டும் திணித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தட்டு தெருமுனை அடுப்புக்கடைக்குப் போய், வெந்து, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரும். மீன் அடுக்கப்பட்ட மேஜைதான், நேற்றுவரை இந்த வீட்டின் பள்ளிக்கூடம்.

சுஹேர், ஷாஹிந்தாவின் கணவன் ரிஃபாத்துக்கு அக்கா. ஒரு தனியார் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. போன வருடம் இதே நாட்களில், "பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடப் போகிறோம், ஷாஹிந்தாவே வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போகிறாள்" என்று ரிஃபாத் சொன்னபோது, தம்பி தன் கடையைத் தானே கொளுத்திக்கொண்ட செய்தியைக் கேட்டவள் மாதிரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

காரணம், மூத்தவள் தஸ்னீம். ஓர் அறையில் எழுபது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் சுவரோரம் இடித்துப்பிடித்து உட்கார்ந்தவள், முதலில் வகுப்பில் பேசுவதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்தினாள். உப்பு வேண்டுமா என்றால் தலையாட்டல், தூக்கம் வருகிறதா என்றால் தலையாட்டல். டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். "ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க. ஒரே வருஷம்" என்று ஷாஹிந்தா கேட்டாள். ரிஃபாத், 'பெண்கள் கடைத்தெரு' என்று ஊர் சொல்லும் சந்தில் திரைச்சீலைத் துணி விற்கிறவன்; எதையும் முதல் பேச்சில் ஒத்துக்கொண்டு பழக்கமில்லாதவன். அன்று மட்டும் முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டான். வீட்டிலிருந்து படிப்பவர்கள் என்று இரண்டு பிள்ளைகளையும் பதிவு செய்தார்கள். வருடக் கடைசியில் பரீட்சையை மட்டும் போய் எழுதிவிட்டு வர வேண்டும்.

அந்த ஒரு வருடம் இப்போது முடிந்திருந்தது.

மீனின் வயிற்றில் எலுமிச்சையைப் பிழிந்தபடி அதை நினைத்துப் பார்த்தால் ஷாஹிந்தாவுக்குச் சிரிப்புதான் வந்தது. முதல் வாரம் மணி அடித்துப் பாடம் தொடங்கினாள். மூன்றாம் நாள் மணி காணாமல் போனது. இளையவன், ஆறு வயது ஹாஸிம், அதைச் சோபாவுக்குள் புதைத்திருந்தான். அவனோடு ஒவ்வொரு நாளும் பேரம்தான். "பக்கம் முழுக்க எழுதணுமாம்மா? பாதி எழுதறேன். ஆனா அழகா எழுதறேன்" என்பான். ஷாஹிந்தாவும் சாமானியப்பட்டவள் இல்லை. வறுத்த பருப்பும் பிஸ்தாவும் விற்ற குடும்பத்தில் பிறந்தவள். ஒரு பக்கம் எழுத வேண்டுமென்றால் ஒன்றரைப் பக்கத்தில் ஆரம்பிப்பாள். அவன் போராடி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஜெயித்துவிட்ட களிப்பில் அழகாகவும் எழுதுவான்.

பின்னக் கணக்கை, பஸ்பூஸா என்கிற ரவை இனிப்புத் தட்டில் கத்தியால் கீறிச் சொல்லிக்கொடுத்தாள். அன்று பாதிப் பாடத்தை ஹாஸிம் தின்றுவிட்டான். வகுத்தல் அவளுக்கே மறந்துபோயிருந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, யாரோ ஒரு வாத்தியார் நடத்தும் காணொளியைப் போனில் பார்த்துப் படித்துக்கொண்டு வெளியே வந்து, பிறந்ததிலிருந்தே தெரிந்தவள்போல நடத்தினாள். அழுத நாட்களும் உண்டு. அதற்கும் அதே குளியலறைதான்.

பிறகு அந்தக் குளிர்கால மதியம். கடல் சாலை மேல் ஏறி வந்திருந்தது, டிராம் நின்றுவிட்டது, ஜன்னல்கள் ஆடின. காற்றுக்குப் பயந்து ஹாஸிம் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டான். தஸ்னீம் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தானும் மேஜைக்கு அடியில் போனாள். படிக்கத் தொடங்கினாள். வாய்விட்டு. காற்று ஏற ஏறக் குரலும் ஏறியது. கையில் சோப்பு நுரையோடு சமையலறை வாசலில் நின்ற ஷாஹிந்தா மூச்சுகூட விடவில்லை. விட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அது நிற்கவில்லை. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து தம்பிக்கு உரக்கப் படித்துக்காட்டினாள். வருடப் புத்தகத்தைப் பாதி வருடத்தில் முடித்தாள். அப்பா கடைக்குப் போய், ஜன்னல் அகலம் சொன்னால் மடிப்புக்கு எத்தனை மீட்டர் என்று, ரிஃபாத் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் ஷாஹிந்தாவின் பொய்யும் தொடங்கியது.

கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நல்ல சரக்கு வந்து இறங்கினால், பாதி நனைந்துபோய் வந்தது என்றுதான் அவள் பிறந்த வீட்டில் சொல்வார்கள். வீட்டில் நல்லது நடந்தால் திரையை இழுத்துவிட வேண்டும். கண் பட்டால் கல்லும் பிளக்கும், இது சின்னக் குழந்தை. அதனால் யார் கேட்டாலும், போனில் கேட்டாலும், படியில் கேட்டாலும், ஒரே பதில்தான்: "கழுதைங்க. ரெண்டும் கழுதைங்க."

மீன் தட்டை மூடிவிட்டு பால்கனிக்கு வந்தாள். தஸ்னீம் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர் பால்கனியில் உம்மு ஷெரீஃப், அதாவது ஷெரீஃபின் அம்மா, நின்றிருந்தாள்.

தெருவே அஞ்சும் கண் அது. மூன்றாம் மாடியில் புதிதாக வந்த துணி துவைக்கும் இயந்திரத்தை, "எவ்வளவு சத்தமில்லாம ஓடுது!" என்று அவள் மெச்சிய அன்று மாலை, படிக்கட்டில் இடுப்பளவுக்கு நுரை. ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, "சிங்கத்துப் பிடரி மாதிரி முடி" என்றாள். இன்று அந்த மனிதர் தொப்பியில்லாமல் வெளியே வருவதில்லை.

"ஷாஹிந்தா! பிள்ளைங்க பரீட்சை என்னாச்சு?"

"என்னத்த ஆகும், உம்மு ஷெரீஃப்! ஏதோ தட்டுத்தடுமாறிக் கரையேறிச்சுங்க. மூத்தவ இருக்காளே, மண்டையில ஆணி அடிச்சு இறக்குனாத்தான் ஒரு எழுத்து உள்ள போகும்."

"அப்படியா" என்றாள் உம்மு ஷெரீஃப். வேறெதுவும் கேட்காமல், பார்வையைச் சட்டென்று தன் புதினாத் தொட்டிக்குத் திருப்பிக்கொண்டாள்.

தஸ்னீம் உள்ளே போய்விட்டாள். ஹாஸிமின் சட்டை ஒற்றைக் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷாஹிந்தா இன்னொரு கிளிப்பை மாட்டினாள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரிஃபாத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஷாஹிந்தா, வாங்க வர்றவன்தான் சரக்கைக் குறை சொல்லுவான். நீ விக்கிற பக்கம் நின்னுக்கிட்டு ஏன் குறை சொல்ற?"

"நான் யாருக்கும் விக்கலையே! எம் பிள்ளைங்களை யாருக்கு விக்கப் போறேன்?"

"அப்ப கடையைச் சாத்திட்டுப் பேசாம இரு. சாத்துன கடையைப் பத்தி ஒருத்தனும் பேசமாட்டான். நீ கடையையும் தொறந்து வச்சு, நானே சொல்றேன் இது ஓட்டைன்னு கூவுற."

"ஹாஸிம் அப்பா, தொழுகைக்கு நேரமாச்சு."

"இன்னைக்கு அக்காகிட்டயாவது நெசத்தைச் சொல்லு. பரீட்சையில தஸ்னீம்தான் மொத வரிசைன்னு."

"உங்க அக்காகிட்டயா? அவங்க ஒரு 'அடேயப்பா' விட்டாப் போதும், பிள்ளை ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துடும். பிள்ளைகிட்டயே நான் சொல்லல. பாஸாயிட்ட, போதும்னு விட்டுட்டேன்."

ரிஃபாத் செருப்பைப் போட்டவன் ஒரு நிமிடம் நின்றான். என்னவோ சொல்ல வந்தான். பாங்கு ஒலித்துவிட்டது. போய்விட்டான்.

சுஹேர் வரும்போதே கேக் டப்பாவும், இன்னொரு பெரிய பையும் கொண்டுவந்தாள். டப்பாவை ஷாஹிந்தாவிடம் கொடுத்தாள். பையைக் கொடுக்கவில்லை, காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சாப்பாடு முழுக்க ஷாஹிந்தாவின் ஒரு கண் அந்தப் பையின் மேலேயே இருந்தது.

மீன் முடிந்து, தர்பூசணியும் வெள்ளைச் சீஸும் வந்தபோது சுஹேர் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சேதி என்னன்னா, எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு பேருக்கும் இடம் வாங்கிட்டேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்குன்னு ஒண்ணு கேட்டதில்ல. இப்பத்தான் கேட்டேன். தலைமை ஆசிரியை மேடம் மறுக்கல. இன்னைக்குச் சாயங்காலம் அவங்க கூப்பிடும்போது சரின்னு சொன்னாப் போதும். சொல்லலைன்னா வேற பிள்ளைக்குப் போயிடும்."

"அல்லாஹ் உங்க கையை நல்லா வைக்கட்டும், அண்ணி" என்றாள் ஷாஹிந்தா. வேறென்ன சொல்வது?

"ஹாஸிம் அடுத்த வகுப்புக்குப் போகட்டும். தஸ்னீம் மட்டும் படிச்ச வகுப்பையே இன்னொரு தடவை படிக்கட்டும். அதுல ஒண்ணும் அவமானம் இல்ல." பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளிச் சீருடை வெளியே வந்தது. "அளவைக் கண்ணாலயே எடுத்தேன், பாரு."

"அதே வகுப்பா? எதுக்கு?"

"எதுக்காவா? வருஷம் முழுக்க எங்கிட்ட அழுதது யாரு? ரமலான்ல போன் பண்ணி, வகுத்தல் சொல்லித் தர்றதுக்குள்ள நரை விழுந்துடுச்சு அண்ணின்னு சொன்னியா இல்லையா? பெருநாளன்னைக்கு, இவளுக்கு மூளைக்குப் பதில் வெண்டைக்காய் வச்சுப் படைச்சுட்டான்னு சொன்னியா இல்லையா? அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல, ஷாஹிந்தா. எங்க வீட்டுப் பிள்ளை வீணாப் போறாளேன்னு. அதான் போய்க் கை நீட்டிக் கேட்டேன்."

அதில் குத்தல் இல்லை. அதுதான் கொடுமை. சுஹேருக்குக் குழந்தைகள் இல்லை. அவளுடைய அக்கறைக்கெல்லாம் இந்த இரண்டு பேர்தான் முகவரி.

ஷாஹிந்தா பதில் தேடுவதற்குள் தஸ்னீம் பேசினாள்.

"பரவாயில்ல அத்தை. நான் போறேன். எனக்குத்தான் ஒண்ணும் ஏறாதே. அம்மாவும் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க."

கண்ணில் தண்ணீர் இல்லை. குரலில் நடுக்கம் இல்லை. கடையில் துணியின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். மீட்டர் இவ்வளவு, தஸ்னீம் இவ்வளவு.

ஷாஹிந்தாவின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"ஏறும்!" என்றான் ஹாஸிம், வாய் நிறைய தர்பூசணியோடு. "அம்மா சும்மாத்தான் சொல்றாங்க. கண்ணேறு படக்கூடாதுன்னு. உனக்குத் தெரியாதா?"

தஸ்னீம் தம்பியைப் பார்த்தாள். "உங்கிட்ட சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. போன்ல கழுதைன்னு சொல்லிட்டு, அப்புறம் வந்து முத்தம் குடுப்பாங்கல்ல? அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"எனக்கும்தான் குடுத்தாங்க" என்றாள் தஸ்னீம் மெதுவாக. "நான் அது... பாவம், இதுக்கு ஒண்ணும் வரலையேன்னு குடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

ரிஃபாத் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். ஆனால் எழுந்திருக்கவில்லை. தொழுகைக்குச் செருப்பு மாட்டும்போது அவன் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அண்ணி, அவ சொல்றது எதுவும் நெசமில்ல. நான் சொன்னது எதுவும் நெசமில்ல" என்று ஷாஹிந்தா வாய் குழறினாள். "இவ பரீட்சையில மொத வரிசை. புத்தகத்தையெல்லாம் எப்பவோ முடிச்சுட்டா. கணக்குல புலி, படிப்புல..."

சுஹேர் சிரித்தாள். கடைத்தெருக்காரன் வீட்டுப் பெண்தானே அவளும். வாங்க வந்தவன் எழுந்து போகிற நேரத்தில் வியாபாரி போடும் கூச்சல் எவ்வளவு பெறும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சீருடையைப் பார்த்ததும் புலி ஆயிட்டாளா? சரி. தஸ்னீம் கண்ணு, இருநூத்தி எழுபத்தாறைப் பன்னிரண்டால வகுத்தா என்ன வரும்?"

தஸ்னீம் உதட்டை மூடிக்கொண்டாள்.

அந்த மூடிய உதட்டை ஷாஹிந்தாவுக்குத் தெரியும். டாக்டரின் அறையில் பார்த்தது. உப்பு வேண்டுமா என்றபோது பார்த்தது. ஒரு வருடம், ஒரு கடற்காற்று, ஒரு மேஜையின் அடி, எல்லாம் சேர்ந்து திறந்த கதவை, தானே ஒவ்வொரு போன் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

"விடு, ஷாஹிந்தா. குழந்தையைச் சங்கடப்படுத்தாதே" என்று சுஹேர் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். "மேடத்துக்கு நானே சொல்லிடறேன்."

ஷாஹிந்தா எழுந்தாள். சமையலறைக்குப் போகவில்லை. குளியலறைக்கும் போகவில்லை. நேரே பால்கனிக்குப் போனாள்.

"அம்மா!" என்று ஹாஸிம் கத்தினான். நடக்கப்போவது வீட்டில் முதலில் அவனுக்குத்தான் புரிந்தது. அவன் சமையலறைப் பக்கம் ஓடினான்.

எதிரே உம்மு ஷெரீஃப் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே காப்பிக்கடையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஷாஹிந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உலகத்தில் எந்தக் கண்ணுக்கு அதிகமாகப் பயந்தாளோ அந்தக் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"உம்மு ஷெரீஃப்! காலையில நான் உங்ககிட்ட சொன்னது பொய்!"

காப்பிக்கடையில் தாயக்கட்டை உருளும் சத்தம் நின்றது.

"எம் பொண்ணு கழுதை இல்ல! பரீட்சையில மொத வரிசை! வருஷப் பாடத்தைப் பாதி வருஷத்துல முடிச்சா! நான் குளியலறையில ஒளிஞ்சு படிச்சுட்டு வந்து சொல்லிக்குடுத்த கணக்கை, இவ நின்ன இடத்துல போடுவா! பேச்சே போச்சுன்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன பிள்ளை, இன்னைக்கு வாய் தொறந்து படிச்சா நான் வேலையைப் போட்டுட்டு நின்னு கேக்கறேன்! பாருங்க, நல்லாப் பாருங்க! எவ்வளவு வேணும்னாலும் பாருங்க!"

யாரும் தன் பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசி இந்தத் தெரு கேட்டதில்லை. அதுவும் அந்த பால்கனியைப் பார்த்து.

உம்மு ஷெரீஃப் தேநீரைக் கீழே வைத்தாள்.

"அடி பைத்தியம்" என்றாள். "இதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? சாயங்காலமானா இவ இங்க உக்காந்து படிக்கறா. நான் டிவி சீரியல் சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டு ஜன்னலோரம் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். அந்த மீன்காரன் பொண்ணு கதையைப் பாதியில நிறுத்திட்டு நீங்க ஊருக்குப் போனீங்களே, ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல!"

"ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"எப்படிச் சொல்லுவேன்? என் கண்ணைப் பத்தி ஊர் பேசறது என் காதுல விழாதா? அந்தத் துணி துவைக்கிற மிஷினுக்கு அப்புறம் எனக்கே எங்கண்ணு மேல பயம்டி. இவ குரலைக் கேக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு மாஷா அல்லாஹ்ன்னு சொல்லிட்டுத் திரும்பிக்குவேன். பாராட்டி ஒரு வார்த்தை வந்துடக்கூடாதேன்னு நாக்கைக் கடிச்சுக் கடிச்சு..." அவள் எழுந்து கம்பியருகே வந்தாள். "பார்க்கச் சொல்றியே. பார்க்கட்டுமா?"

சமையலறையில் கண்ணாடி உடையும் சத்தம்.

"கெட்டது உடைஞ்சு போச்சு!" என்று உம்மு ஷெரீஃப் அங்கிருந்து கத்தினாள். கண்ணாடி உடைந்தால் கண்ணேறு கழிந்தது என்று இந்த ஊரில் சொல்கிற வார்த்தை; கீழே காப்பிக்கடையில் இரண்டு மூன்று பேரும் அதையே சொன்னார்கள். படித்தவள், துணைத் தலைமை ஆசிரியை, இதிலெல்லாம் நம்பிக்கையில்லாத சுஹேரும் தன்னையறியாமல் கூடவே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஹாஸிம் சமையலறை வாசலில் தலையை நீட்டினான். "கைதவறி விழல. நான்தான் போட்டேன். புதுசை எடுக்கலம்மா, விளிம்பு போன பழசுதான்."

ரிஃபாத் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பேரப்பேச்சில் மட்டுமில்லை, சிக்கனத்திலும் பிள்ளை தேறிவிட்டான்.

ஷாஹிந்தா திரும்பினாள். பால்கனிக் கதவில் தஸ்னீம் நின்றிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் பொய் சொன்னீங்க, சரி. எங்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னா நான் நம்புவேன்ல."

அந்த வார்த்தைக்குப் பேரம் பேச முடியாது. ஷாஹிந்தா முட்டி போட்டு உட்கார்ந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மீன் வாசனையடிக்கும் கையால் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரி. என் கெட்டிக்காரி" என்றாள். வருடம் முழுக்கச் சேர்த்துவைத்தது போலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தஸ்னீம் கொஞ்ச நேரம் மரம் மாதிரி நின்றாள். பிறகு அவள் நெற்றி அம்மாவின் தோளில் இறங்கியது.

"போதும்மா. நிஜமாவே கண் பட்டுடும்" என்றாள் தோளுக்குள்ளிருந்து. பிறகு தலையைத் தூக்கி, மேஜைப் பக்கம் பார்த்து, "இருபத்திமூணு, அத்தை" என்றாள்.

"என்னம்மா?"

"நீங்க கேட்டீங்கல்ல. பன்னிரண்டால வகுத்தா."

சுஹேரின் கையிலிருந்த போன் தானாக மேஜைக்கு இறங்கியது. சொல்ல வந்த 'அடேயப்பா'வை மிகுந்த சிரமத்தோடு விழுங்கினாள்.

தஸ்னீம் உள்ளே வந்தாள். நாற்காலியில் கிடந்த சீருடையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அப்பன் தேய்ப்பது போலவே.

"துணி கெட்டி இல்ல அத்தை. ரெண்டு துவைப்புல தொங்கிடும்."

"சீருடை அதுதான்மா, நான் என்ன செய்ய?"

"அடுத்த வகுப்புன்னா யோசிக்கலாம். ஒரு ரூம்ல எத்தனை பேரு?"

"முப்பது." சுஹேர் தொண்டையைச் செருமினாள். "முப்பத்தஞ்சு இருக்கும்."

"சுவரோரம் உக்கார மாட்டேன். எனக்கு அங்க பேச வரலைன்னா, எப்ப வேணும்னாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துடுவேன். அதுக்கும் உங்க மேடம் சரின்னு சொல்லணும்."

"பள்ளிக்கூடம் என்ன உங்கப்பன் கடையா? எடுத்துட்டுப் போயி, பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்கறதுக்கு?"

தஸ்னீம் சீருடையை மடிப்புக் கலையாமல் மடித்தாள். பையில் வைத்தாள். பையை அத்தையின் காலருகே கொண்டுபோய் வைத்தாள்.

"சரி அத்தை. யோசிச்சுச் சொல்றேன்."

மேஜையிலிருந்த கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். அவசரமில்லாமல், திரும்பிப் பார்க்காமல். கதவைத் திறந்து படியிறங்கினாள்.

சுஹேருக்கு அந்த நடை தெரியும். சின்ன வயதில் அப்பாவின் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்த நடை. வாங்க வந்தவர்கள் விலை படியாமல் எழுந்து போகிற நடை. கூப்பிட்டால் விலை இறங்கிவிடும், கூப்பிடாவிட்டால் ஆள் போய்விடும். எதற்கும் அசையாத துணைத் தலைமை ஆசிரியையின் வாய் துடித்தது.

அந்த நேரம் பார்த்து மேஜை மேல் அவள் போன் அடித்தது. மேடம்.

ஷாஹிந்தா வாசலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். ரிஃபாத் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கூப்பிடாதே" என்றான் காதோடு.

அவளுக்கே தெரியவில்லை, தான் எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்று. நாத்தனார் கூப்பிட்டுவிட்டால், கேட்டதெல்லாம் கிடைத்து, அந்தச் சாம்பல் நிறச் சீருடை இலையுதிர்காலத்தில் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் காலையில் இந்த மேஜை வெறும் மேஜை. கூப்பிடாவிட்டால், இன்றைக்குத்தான் தன் விலை தெரிந்த பெண், கேட்டதைப் பெறாமல் திரும்பி வருவாள். இரண்டில் எது லாபம், எது நஷ்டம்? பிஸ்தாக் குடும்பத்துக் கணக்கெல்லாம் அவளுக்கு அந்த நொடியில் மறந்துபோனது.

போன் விடாமல் அடித்தது. சுஹேர் அதை எடுக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஒரு திருப்பம் இறங்கியது. இன்னொரு திருப்பம் இறங்கியது.

பிறகு நின்றது. போய்விடவில்லை. நின்று காத்திருந்தது.